கணினிகளுக்குப் பெயர் வைத்த கதை

என் பாட்டி சந்தைக்குக் கிளம்பினால் டாக்சி ஓட்டுநரிடம் “தேக்கா” என்று மட்டும்தான் சொல்வார். அந்தக் கட்டடத்தின் முகவரி 665 பஃப்ளோ ரோடு, அஞ்சல் குறியீடு 210665. “அந்த நம்பரெல்லாம் எனக்கு எதுக்கு? ஓட்டுறவருக்குத் தெரிஞ்சா போதும்,” என்பார்.

அந்தப் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய சந்தைக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் சந்தை இப்போதைய கட்டடத்துக்கு மாறியபோது, மாண்டரின் உச்சரிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று பெயரிட்டார்கள். மக்களோ ஹொக்கியன் மொழியிலிருந்து வந்த தேக்காவை விடவே இல்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்ற பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும், பாட்டிக்கு அது எப்போதும் தேக்காதான்.

பலதுறைத் தொழிற்கல்லூரியின் கடைசி ஆண்டில் உள்ளகப் பயிற்சிக்குப் போன இடத்தில், பெயருக்கும் முகவரிக்கும் இடையில் இருக்கும் இந்த உறவுதான் எனக்கு முழுநேர வேலையானது. அதில் நான் செய்த ஒரு தவற்றால், ஒரு திங்கட்கிழமை காலையில் ஹவ்காங்கில் ஒரு முதியவர் காலை உணவு சாப்பிடாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று. கணினித் துறைக்குப் படிக்க நினைக்கும் இளையர்களுக்கு அந்தக் கதை உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அறுபது கணினிகள், ஓர் எக்செல் தாள்

நான் சேர்ந்தது ஒரு சிறிய நிறுவனம். வேறு நிறுவனங்களின் மென்பொருள்களைத் தன் சர்வர்களில் ஓடவிட்டுப் பராமரிப்பது அதன் தொழில். சர்வர்களை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகவே வாங்கி, ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் வைத்திருந்தது. அவற்றின் மேல் ஓப்பன்ஸ்டாக் என்னும் இலவச மென்பொருளைப் போட்டு மேகக் கணிமையாகப் பயன்படுத்தியது. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் 2010ல் தொடங்கிய மென்பொருள் அது. இப்படிச் சொந்த இயந்திரங்களில், சொந்தப் பயன்பாட்டுக்கு அமைக்கும் மேகத்தைத்தான் ‘பிரைவேட் கிளவுட்’ என்கிறார்கள்.

ஆறு பெரிய சர்வர்கள். அவற்றுக்குள் ஏறத்தாழ அறுபது மெய்நிகர் கணினிகள். ஒரு சர்வரின் நினைவகத்தையும் செயலியையும் பங்குபோட்டுக்கொண்டு, தனித்தனிக் கணினிகளைப் போலவே இயங்குபவை அவை. சில நிமிடங்களில் ஒன்றை உருவாக்கலாம், வேண்டாமென்றால் நொடியில் அழித்துவிடலாம். சிக்கல் அங்குதான் தொடங்கும். அழித்துப் புதிதாக உருவாக்கும்போது அதன் ஐபி முகவரி மாறிவிடும். நேற்று 10.20.0.31ல் இருந்த தரவுத்தளம் இன்று 10.20.0.47ல் இருக்கும். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும் மென்பொருள், யாருமில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

எந்தக் கணினி எந்த எண்ணில் இருக்கிறது என்பதை நிறுவனம் ஓர் எக்செல் தாளில் எழுதி வைத்திருந்தது. யாராவது மாற்றினால் தாளையும் மாற்ற வேண்டும். பல நேரம் மாற்ற மாட்டார்கள்.

என் மேற்பார்வையாளர் ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வரும் மலேசியத் தமிழர். நான் அவரை “அண்ணே” என்றுதான் கூப்பிடுவேன். முதல் வாரமே அந்தத் தாளைக் காட்டி, “தம்பி, இதுக்கு ஒரு முடிவு கட்டு. நம்ம மேகத்துக்குள்ளேயே ஒரு டிஎன்எஸ் போடு,” என்றார்.

நாற்பது ஆண்டுப் பழைய சிக்கல்

டிஎன்எஸ் என்பது பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் ஏற்பாடு. உலாவியில் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டியதும் உங்கள் கணினி முதலில் செய்யும் வேலை, அந்தப் பெயருக்குரிய எண் எது என்று ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பதுதான்.

எங்கள் எக்செல் தாளின் பிரச்சினை இணையத்துக்கே ஒரு காலத்தில் இருந்தது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்பவரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி வந்தால் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும்; மற்ற எல்லாரும் அந்தக் கோப்பை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் வேறொரு வழியை வகுத்தார். எல்லாப் பெயர்களையும் ஒரே இடத்தில் வைக்காமல், ஒவ்வோர் அமைப்பும் தன் பெயர்களுக்குத் தானே பொறுப்பேற்கும் முறை அது. மேலே இருப்பவருக்குக் கீழே யார் பொறுப்பு என்பது தெரிந்தால் போதும்.

அடுத்த ஆண்டே, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நான்கு முதுநிலை மாணவர்கள் அந்த முறையை யூனிக்ஸ் கணினிகளுக்கான மென்பொருளாக எழுதினார்கள். ‘பைண்ட்’ என்ற அந்த மென்பொருளின் வாரிசு இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. நானும் அதைத்தான் நிறுவினேன். மாணவர்கள் எழுதியதை ஒரு மாணவன் நிறுவுகிறான் என்ற எண்ணம் அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்குள் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர்

வெளியுலகில் இத்தனை டிஎன்எஸ் சர்வர்கள் இருக்க, மேகத்துக்குள் நமக்கென்று ஒன்று எதற்கு? இந்தக் கேள்வியை என் நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள்.

10 என்று தொடங்கும் எண்கள் தனிப் பயன்பாட்டுக்கானவை. உங்கள் வீட்டு வைஃபையில் வரும் 192.168 எண்களைப் போல, வெளியிலிருந்து அவற்றை நேரடியாக எட்ட முடியாது. தரவுத்தளத்தின் பெயரையும் எண்ணையும் ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே உள்ளே இருப்பவர் கேட்டால் ஒரு பதில், வெளியே இருப்பவர் கேட்டால் வேறு பதில், அல்லது பதிலே இல்லை. ஒரே பெயருக்கு ஆளைப் பார்த்துப் பதில் சொல்லும் இந்த ஏற்பாடு டிஎன்எஸ்ஸில் சாதாரணம். சுற்றுப்பயணிகளுக்கான வரைபடத்தில் லிட்டில் இந்தியா என்று இருப்பதைப் பாட்டி தேக்கா என்பதில்லையா, அதுபோல.

வேலை எப்படி நடக்கிறது என்றால், மெய்நிகர் கணினி விழித்ததும் “எனக்கு ஓர் எண் கொடுங்கள்” என்று வலையமைப்பில் கேட்கும். டிஎச்சிபி என்னும் சேவை எண்ணைக் கொடுக்கும். கூடவே, “பெயர்களைப் பற்றி இவரிடம் கேள்” என்று டிஎன்எஸ் சர்வரின் முகவரியையும் கொடுக்கும். ஓப்பன்ஸ்டாக்கில் ஒவ்வொரு துணை வலையமைப்புக்கும் இந்த முகவரியை ஒரே இடத்தில் பதியலாம். அதன்பின் அதில் பிறக்கும் ஒவ்வொரு கணினிக்கும் அது தானாகப் போய்ச் சேரும்.

நான் முதலில் செய்தது வேறு. ஒவ்வொரு கணினிக்குள்ளும் நுழைந்து ‘ரிசால்வ்.கான்ஃப்’ என்ற சிறிய கோப்பைக் கையால் மாற்றினேன். பன்னிரண்டு கணினிகளை முடித்துவிட்டு மதிய உணவுக்குப் போய் வந்தேன். அதற்குள் மறுதொடக்கம் செய்யப்பட்ட இரண்டு கணினிகளில் என் மாற்றத்தைக் காணோம். அந்தக் கோப்பு டிஎச்சிபி சொல்வதைக் கேட்டுத் தானாக எழுதப்படுவது. நாம் எழுதியதை அது அழித்துவிடும். அண்ணன் சிரித்துவிட்டு, “மூலத்துல மாத்து,” என்றார். துணை வலையமைப்பில் மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்த கணினிகள், டிஎச்சிபியிடம் தங்கள் குத்தகையைப் புதுப்பித்தபோது ஒவ்வொன்றாகப் புதிய முகவரியைப் பெற்றுக்கொண்டன.

இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்தது. தரவுத்தளம், கோப்புச் சர்வர், கண்காணிப்புச் சர்வர் எல்லாவற்றுக்கும் பெயர் வந்தது. எண்களைத் தேடித் தேடிப் பெயர்களாக மாற்றினேன். ஆறு பெரிய சர்வர்களும் பொதுச் சேமிப்பகத்துடன் இணைவதற்கு எழுதியிருந்த எண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. எக்செல் தாளை அழித்தேன். இனி அது தேவையில்லை என்று நம்பினேன்.

அமைதியாக இருந்த ஞாயிற்றுக்கிழமை

தொழிற்கூடக் கட்டடங்களில் மின்சாரப் பராமரிப்புக்காக ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். எங்கள் கட்டடத்தில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை இரவு எல்லாவற்றையும் ஒழுங்காக அணைத்தோம். ஞாயிறு மாலை மின்சாரம் வந்ததும் சர்வர்கள் தாமாக எழும்; கோளாறு இருந்தால் கண்காணிப்புச் சர்வர் எங்கள் கைப்பேசிகளுக்குத் தகவல் அனுப்பும். அதுதான் ஏற்பாடு.

அன்று மாலை நான் பாட்டியுடன் தேக்காவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பஃப்ளோ ரோட்டில் நிரம்பி வழிந்தது. முருங்கைக்காயும் வெண்டைக்காயும் நிரம்பிய பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவ்வப்போது கைப்பேசியைப் பார்த்தேன். ஒரு தகவலும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை 6.30 மணிக்கு அண்ணன் அழைத்தார். “தம்பி, ஒண்ணுமே எழும்பல. சீக்கிரம் வா.”

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று, முதியோர் இல்லங்களுக்குத் தாதியரை அனுப்பும் ஒரு சேவை. எந்தத் தாதி, எத்தனை மணிக்கு, எந்த புளோக்கில், எந்த வீட்டுக்குப் போக வேண்டும், என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் எங்கள் மேகத்தில் இருந்தது. காலை ஏழு மணிக்குத் தாதியர் கைப்பேசியில் அதைத் திறப்பார்கள். அன்று அது திறக்கவில்லை.

நடந்தது இதுதான். ஆறு சர்வர்களும் எழுந்தன. மெய்நிகர் கணினிகளின் வட்டுகள் எல்லாம் பொதுச் சேமிப்பகத்தில் இருந்ததால் அதைத் தேடின. நான்தான் எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை எழுதியிருந்தேனே, அந்தப் பெயருக்குரிய எண்ணை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டன. டிஎன்எஸ் சர்வரும் ஒரு மெய்நிகர் கணினி. அதன் வட்டும் அதே சேமிப்பகத்தில்தான் இருந்தது. சேமிப்பகம் கிடைத்தால்தான் டிஎன்எஸ் எழும்; டிஎன்எஸ் எழுந்தால்தான் சேமிப்பகம் கிடைக்கும். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிய கதை.

இரண்டு வாரமாக ஏன் தெரியவில்லை? சேமிப்பகம் ஏற்கெனவே இணைந்திருந்ததால் யாரும் பெயரைப் புதிதாகக் கேட்கத் தேவையிருக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்து எழுப்பியபோதுதான் ஓட்டை தெரிந்தது. கைப்பேசி ஏன் அமைதியாக இருந்தது? கண்காணிப்புச் சர்வரும் ஒரு மெய்நிகர் கணினிதான். அதுவும் எழவில்லை.

தீர்வு எளிது. ஒவ்வொரு சர்வரிலும் உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் சேமிப்பகத்தின் பெயரையும் எண்ணையும் ஒரு வரியாகக் கையால் எழுதினால் போதும். ஆனால் அந்த எண் என்ன? பதற்றத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. எக்செல் தாளை நானே அழித்திருந்தேன். அதன் பழைய பிரதியோ எழும்பாத கோப்புச் சர்வரில் இருந்தது.

அண்ணன் சர்வர் அலமாரியின் கதவைத் திறந்தார். உட்புறத்தில், ஒளிநாடாவால் ஒட்டிய ஒரு காகிதம் இருந்தது. எட்டு மாதங்களுக்கு முன் அச்சிட்ட எக்செல் தாள். ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. சேமிப்பகத்தின் எண் அதில் இருந்தது.

அதன் பிறகும் உடனே தீரவில்லை. அறுபது கணினிகளும் ஒரே நேரத்தில் எழ முயன்றன. டிஎன்எஸ் தயாராவதற்கு முன்பே எழுந்த மென்பொருள்கள் தரவுத்தளத்தின் பெயரைக் கேட்டு, பதில் கிடைக்காமல், முயற்சியைக் கைவிட்டிருந்தன. எல்லாவற்றையும் அணைத்து, முதலில் டிஎன்எஸ், பிறகு தரவுத்தளம், அதன் பிறகு மற்றவை என்று வரிசையாக எழுப்பினோம். தாதியரின் பட்டியல் திறந்தபோது மணி 9.40.

ஹவ்காங் முதியவர்

அன்று பிற்பகல் அந்தச் சேவையின் ஒருங்கிணைப்பாளரிடம் மன்னிப்புக் கேட்க அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். அவர் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றிய தமிழ்ப் பெண்மணி. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

தாதியர் ஒருவரையொருவர் அழைத்து, நினைவிலிருந்தே பெரும்பாலான வீடுகளுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த ஒரு தாதிக்கு மட்டும் அன்று பார்க்க வேண்டிய வீடுகள் தெரியவில்லை. ஹவ்காங்கில் தனியாக வசிக்கும் ஒரு முதியவருக்கு இன்சுலின் ஊசி போட்ட பிறகுதான் காலை உணவு. ஊசி வரட்டும் என்று அவர் பத்து மணி வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அவருக்கு ஒண்ணும் ஆகல தம்பி. ஆனா அவர் கதவுப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு,” என்றார் அந்த அக்கா.

நான் அதுவரை என் வேலையைப் பெயர், எண், கோப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுபடியும் கட்டியபோது

அடுத்த மூன்று வாரங்கள் அந்த டிஎன்எஸ்ஸை முதலிலிருந்து அமைத்தோம். கல்லூரிப் பாடத்தில் இவை எல்லாமே ஒரு வரியாக வந்திருக்கலாம். எனக்கு அப்போதுதான் புரிந்தன.

முதலாவது, அடித்தளம் மேல்தளத்தை நம்பி நிற்கக்கூடாது. சேமிப்பகம், பெரிய சர்வர்கள், டிஎன்எஸ் ஆகியவை ஒன்றையொன்று எண்ணாலேயே அறிந்திருக்க வேண்டும். எதை எழுப்ப எது தேவை என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தோம். அம்புகள் எங்காவது வட்டமாகச் சுற்றினால் அங்கே ஆபத்து என்று பொருள்.

இரண்டாவது, டிஎன்எஸ் இரண்டாவது இருக்க வேண்டும். ஒன்றை மேகத்துக்குள், ஒரு சர்வரின் சொந்த வட்டிலேயே வைத்தோம். மற்றொன்றை மேகத்துக்கு வெளியே, தனியாக ஒரு சிறிய கணினியில் வைத்தோம். முதலாவதில் செய்யும் மாற்றத்தை இரண்டாவது தானாக நகலெடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நானும் செய்யப் பார்த்தேன். இரண்டாவது முகவரியாக 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸைக் கொடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. நம் உள்பெயர்கள் அதற்குத் தெரியாது. கேட்டால் “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று உறுதியாகப் பதில் சொல்லும். பதில் வராவிட்டால்தான் கணினி அடுத்தவரைக் கேட்கும். ‘இல்லை’ என்பதும் ஒரு பதில். அதை நம்பி நின்றுவிடும். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. கண்டுபிடிக்கவே முடியாத வகைக் கோளாறு இது. கணினிகள் நம் இரு சர்வர்களை மட்டுமே கேட்க வேண்டும். உள்பெயர் என்றால் அவையே பதில் சொல்லும். வெளிப்பெயர் என்றால் அவை வெளியே கேட்டு வாங்கித் தரும்.

மூன்றாவது, எந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்பது. நான் முதலில் கணினிகளுக்கு ‘.டெவ்’ என்று முடியும் பெயர்களை வைத்திருந்தேன். சுருக்கமாக, அழகாக இருந்தது. அண்ணன் கேட்டார்: “அந்தப் பேரு உன்னுதா?” என்னுடையது இல்லை. ‘.டெவ்’ கூகலுக்குச் சொந்தமானது. உலகெங்கும் நிரலாளர்கள் அதைத் தங்கள் உள்பெயராக வைத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் குரோம் உலாவி அந்தப் பெயர்கள் அனைத்தையும் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்கும் என்று ஆனபோது, அவர்களின் உள்தளங்கள் திறக்காமல் போயின. அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டினால் அதுதான் நடக்கும். நாங்கள் நிறுவனத்தின் சொந்த இணையப் பெயருக்குக் கீழே ஒரு கிளையை ஒதுக்கிக்கொண்டோம். சொந்தப் பெயர் இல்லாதவர்களுக்கும் இப்போது வழி உண்டு. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2024 ஜூலையில் ‘.இன்டர்னல்’ என்ற முடிவைத் தனிப் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டது. அது யாருக்கும் விற்கப்படாது.

நான்காவது, நினைவு. ஒருமுறை கிடைத்த பதிலைக் கணினிகள் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் என்பதைப் பெயருக்கு உரியவர் நொடிகளில் குறிப்பிடுவார். 86400 என்றால் ஒரு நாள். முகவரி மாறினாலும், பழைய பதிலை வைத்திருப்பவர்கள் ஒரு நாள் வரை பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார்கள். ஆகவே மாற்றம் செய்வதற்கு முதல் நாளே அதை 300 நொடியாகக் குறைத்துவிட வேண்டும். ‘இல்லை’ என்ற பதிலும் இப்படி நினைவில் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. விடுபட்ட பெயரைச் சேர்த்த பிறகும் சிறிது நேரம் அது இல்லை என்றே வருவதற்குக் காரணம் அதுதான்.

கடைசியாக, சோதனை. ஒரு டிஎன்எஸ்ஸை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை இரவு, வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்து எழுப்பினோம். 35 நிமிடத்தில் அறுபதும் எழுந்தன. அலமாரிக் கதவில் புதிய தாளை ஒட்டினேன். அதில் தேதியும் போட்டேன்.

பெரியவர்களும் விழுந்த இடம்

என் தவறு சிறிய நிறுவனத்தில் நடந்தது. உலகின் பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில் இடறியிருக்கின்றன. 2021 அக்டோபர் 4ஆம் தேதி, சிங்கப்பூரில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை தரவு நிலையங்களுக்கு இடையிலான இணைப்பைத் துண்டித்தது. அதனால் அந்நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் இணையத்திலிருந்து மறைந்தன. கோளாற்றைச் சரிசெய்ய வேண்டிய உள்கருவிகளும் அதே பெயர்களை நம்பியே இருந்தன. அதைப் படித்தபோது எனக்கு நன்றாகத் தெரிந்த கதையாக இருந்தது. 2025 அக்டோபரில் அமேசானின் மேகச் சேவை அமெரிக்காவில் முடங்கி, உலகெங்கும் பல செயலிகள் நின்றதற்கும் தொடக்கம், தானியங்கி முறை ஒன்று ஒரு டிஎன்எஸ் பதிவை வெறுமையாக்கியதுதான்.

சிங்கப்பூரிலும் 2016 அக்டோபர் 22, 24 தேதிகளில் ஸ்டார்ஹப் நிறுவனத்தின் வீட்டு இணையச் சேவை தடைப்பட்டது. அதன் டிஎன்எஸ் சர்வர்களை நோக்கி ஒரே நேரத்தில் வந்து குவிந்த கோரிக்கைகளே காரணம். கம்பிகள் அறுபடவில்லை. பெயர் சொல்ல ஆள் இல்லாததால் இணையமே இல்லாததுபோல் ஆனது.

தமிழில் ஒரு பெயர்

இந்தத் துறையில் நம் ஊருக்கும் மொழிக்கும் ஓர் இடம் இருப்பதை அந்த மூன்று வாரங்களில்தான் தெரிந்துகொண்டேன். இணையப் பெயர்களில் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடமிருந்தது. மற்ற மொழிகளிலும் பெயர் வைக்க முடியும் என்பதைச் செய்துகாட்டிய முன்னோடி ஆய்வு, 1998ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியில், இணையத்தில் தமிழைப் பற்றிய முதல் மாநாடு இங்கே நடந்தது.

2011ல் ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் பெயர், உலக டிஎன்எஸ்ஸின் உச்சியில் ‘.எஸ்ஜி’க்குப் பக்கத்தில் இடம்பெற்றது. உள்ளுக்குள் அது எக்ஸ், என் என்ற இரு எழுத்துகளில் தொடங்கும் ஒரு நீண்ட ஆங்கிலச் சரமாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. நாம் தமிழில் தட்டியதை உலாவி அப்படி மாற்றிக் கேட்கிறது. எண்ணைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள விரும்பாத பாட்டிக்கு, அவர் மொழியிலேயே பெயர் வைக்க வழி செய்திருக்கிறார்கள்.

தொடங்க என்ன வேண்டும்

இதைக் கற்க விலையுயர்ந்த சர்வர்கள் தேவையில்லை. எட்டு கிகாபைட் நினைவகமுள்ள பழைய மடிக்கணினி ஒன்று போதும். வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் மூன்று மெய்நிகர் கணினிகளை உருவாக்குங்கள். இரண்டில் பைண்ட் நிறுவுங்கள். மூன்றாவதிலிருந்து ‘டிக்’ என்ற கட்டளையால் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் எங்கிருந்து வந்தது, எத்தனை நொடி நினைவில் இருக்கும் என்பதையெல்லாம் அதுவே காட்டும். பிறகு ஒன்றை அணையுங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் உடைத்துப் பழகினால் வேலையிடத்தில் உடையாது.

பயிற்சி முடிந்த கடைசி நாளில் அந்த ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கப் போனேன். பட்டியல் இப்போது ஒழுங்காகத் திறக்கிறதா என்று கேட்டேன். திறக்கிறது என்றார். ஆனாலும் தினமும் மாலை ஆறு மணிக்கு மறுநாள் பட்டியலை அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறாராம்.

“உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல தம்பி,” என்றார்.

“இல்லக்கா, அது நல்ல பழக்கம். விட்டுடாதீங்க,” என்றேன்.